வாசக்டமியைத் திருப்ப எந்த டாக்டரிடம் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் குழந்தையின்மை சிகிச்சை பற்றி நல்ல கட்டுரை வந்திருந்தது. அதில் வாசக்டமி, அதாவது விந்துக்குழாயை வெட்டி அடைக்கிற குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்கள் 'விந்துக்குழாயை மறுபடி இணைத்துக்கொள்ளலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். யாரிடம் போய் இணைத்துக்கொள்வது என்பதில்தான் ஜனங்கள் திண்டாடுகிறார்கள். நான் அரசு மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் அக்கா மகனுக்காகப் போன வருடம் டாக்டர் தேடி அலைந்தோம். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவனுக்கு நாற்பது வயது. இரண்டாவது குழந்தை பிறந்த சமயத்தில் மனைவிக்கு உடம்பு சரியில்லை. 'அவளை எதுக்குக் கத்தி வைக்கணும்' என்று தானே முகாமுக்குப் போய் நவீன வாசக்டமி செய்துகொண்டான். ஊரில் கேலி பேசாத ஆள் இல்லை. அதற்கப்புறம் அந்தப் பெண் இறந்துபோய், இப்போது இரண்டாம் கல்யாணம். வந்த பெண்ணுக்கு முப்பத்துமூன்று வயது, தனக்கென்று ஒரு பிள்ளை வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். வாசக்டமி செய்து பதினொரு வருடம் ஆகிவிட்டது.

ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் கருத்தடைக்கு மனைவி ஆபரேஷன் செய்துகொண்ட தம்பதிகள் 37.9 சதவீதம். கணவன் செய்துகொண்டது வெறும் 0.3 சதவீதம். வெட்டிக்கொள்கிற ஆண்களே இவ்வளவு குறைவு என்றால், திரும்ப ஒட்டித் தரச் சொல்லி வருகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அதனால் இதில் கை பழகிய டாக்டர்களும் குறைவு. யூராலஜி (சிறுநீர்ப்பாதை, ஆண் உறுப்பு வைத்தியம்) படித்த எல்லாருக்கும் இது தெரியும், ஆனால் எல்லாரும் இதைச் செய்துகொண்டே இருப்பதில்லை. சுவரில் மாட்டியிருக்கிற பட்டத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாதது இதனால்தான்.

முதலில் போனது பெரிய கட்டடம், ஏ.சி. ஹால், காபி மிஷின். அங்கிருந்த டாக்டர் "கவலையே வேண்டாம், 95 சதவீதம் சக்சஸ்" என்றார். "எது சார் 95? விந்தணு வர்றதா, குழந்தை பிறக்கறதா?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார். ஒன்றே இல்லை. 1991-ல் அமெரிக்காவில் 1,469 ஆண்களுக்கு மைக்ராஸ்கோப் வைத்துச் செய்த மறு இணைப்புகளைத் தொகுத்துக் கணக்குப் போட்டார்கள். இந்தத் துறையில் இன்றைக்கும் அதைத்தான் எடுத்துச் சொல்வார்கள். வாசக்டமி செய்து மூன்று வருடத்துக்குள் வந்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு விந்தணு திரும்பியது, கர்ப்பம் தங்கியது 76 சதவீதம். ஒன்பதிலிருந்து பதினான்கு வருடம் ஆனவர்களுக்கு 79-ம் 44-ம். பதினைந்து வருடம் தாண்டியவர்களுக்கு 71-ம் 30-ம். எங்கள் பையன் நடு வரிசை. 79-க்கும் 44-க்கும் இடையில் இருக்கிற தூரத்தை எவர் மறைக்கிறாரோ அவரிடம் பணத்தைக் கட்டக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

(உங்கள் பத்திரிகையிலும் அதே மாதிரி விளம்பரங்கள் கால் பக்கத்துக்கு வருகின்றன. கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

இன்னொரு இடத்தில் இருந்தவர் பொது அறுவை சிகிச்சை டாக்டர், நல்ல மனுஷர். பெரிதாக்கிக் காட்டுகிற லூப் கண்ணாடி போட்டுக்கொண்டே செய்துவிடலாம், மைக்ராஸ்கோப் எதற்கு என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. விந்துக்குழாய் வெளியிலிருந்து பார்க்க இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், உள்ளே இருக்கிற துவாரம் அரை மில்லிமீட்டர்கூட வராது. அதைத் தைக்கிற 10-0 நைலான் நூல் தலைமுடியைவிட மெல்லியது. தியேட்டரில் அந்த ஊசி கீழே விழுந்தால் தேடுவதை விட்டுவிட்டு வேறு ஊசி பிரிப்போம். 1970களில் அமெரிக்காவில் ஷெர்மன் சில்பர், ஆஸ்திரேலியாவில் ஏர்ல் ஓவன் போன்றவர்கள் மைக்ராஸ்கோப்பின் கீழ் உள்ளடுக்கையும் வெளியடுக்கையும் தனித்தனியாகத் தைக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த ஆபரேஷனுக்கே மரியாதை வந்தது. லூப்பில் செய்தவர்களுக்குக் குழந்தை பிறந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருக்கிற வாய்ப்பே பாதிக்கும் கீழே என்னும்போது எதற்கு இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும்?

கேட்க வேண்டிய கேள்விகளில் தலையாயது இதுதான்: "குழாயைத் திறந்து பார்த்து, விரைப் பக்கத்திலிருந்து வருகிற நீரில் விந்தணு இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?" வாசக்டமி செய்து வருடங்கள் ஆக ஆக, விரைக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிற எபிடிடிமிஸ் என்னும் குழாயில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நீட்டினால் ஆறு மீட்டர் வருமாம் அது. எங்காவது ஓரிடத்தில் வெடித்து அங்கேயும் அடைத்துக்கொள்ளும். அப்படி ஆனவருக்கு வெட்டிய இடத்தை எவ்வளவு அழகாகத் தைத்தாலும் பிரயோஜனமில்லை, அதற்குக் கீழே வழி அடைபட்டுக் கிடக்கிறதே. ஆகவே ஆபரேஷன் நடக்கும்போதே ஒரு சொட்டு நீரை ஸ்லைடில் எடுத்துப் பார்ப்பார்கள். விந்தணு தெரிந்தாலோ, நீர் தெளிவாக இருந்தாலோ வெட்டிய இரண்டு முனையையும் இணைத்துவிடலாம். கெட்டியாக, வெள்ளையாக வந்து அதில் விந்தணுவும் இல்லையென்றால், அடைப்பைத் தாண்டி எபிடிடிமிஸோடு நேராக இணைக்க வேண்டும். அது இதைவிட ரொம்பக் கஷ்டமான தையல். அது தெரியாதவர் திறந்து பார்த்துவிட்டு, தெரிந்த தையலையே போட்டு மூடிவிடுவார். ஆறு மாதம் கழித்து டெஸ்டில் பூஜ்யம் வரும்போது நாம் நம் தலைவிதியை நொந்துகொள்வோம்.

கடைசியில் பையன் ஒப்புக்கொண்ட டாக்டரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். "நீங்க தியேட்டர் சிஸ்டரா?" என்றார். இரண்டு மாதிரியும் செய்வேன், எது என்று உள்ளே பார்த்தால்தான் தெரியும், வருடத்துக்கு இத்தனை செய்கிறேன், இத்தனை பேருக்குத்தான் குழந்தை பிறந்தது என்று பேப்பரில் எழுதிக் காட்டினார். எபிடிடிமிஸ் இணைப்பு தேவைப்பட்டால் பில் எவ்வளவு கூடும் என்பதையும் அப்போதே சொன்னார். மற்ற இடங்களில் 'பேக்கேஜ்' என்று ஒரு தொகையைச் சொல்வார்கள், அதில் இது அடங்குமா என்று கேட்டால் முகம் மாறும். மைக்ராஸ்கோப்பில் உட்காரப் போவது நீங்களா, உதவி டாக்டரா என்றும் கேட்டேன். அக்கா மகனுக்குத்தான் வெட்கம். "சித்தி, போதும் சித்தி" என்று முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தான்.

பையனின் விரைப்பையில் வெட்டிய இடத்தில் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. கேன்சரோ என்று வருடக்கணக்காக மனதுக்குள் பயந்திருக்கிறான், பாவம். டாக்டர் தொட்டுப் பார்த்து, விந்து கசிந்து உண்டான கட்டிதான், அழுத்தம் அந்த வழியாகக் கொஞ்சம் வெளியேறியிருக்கும், அந்தப் பக்கத்துக்கு இது நல்லதே என்றார். கையால் தொட்டுப் பார்க்காமல் தேதி கொடுத்த இடங்களும் உண்டு.

அவர் செய்த இன்னொரு காரியம் எனக்குப் பிடித்தது. பையனுக்குத் தேதி கொடுக்கும் முன் அந்தப் பெண்ணை மகப்பேறு டாக்டரிடம் அனுப்பினார். கர்ப்பப்பைக் குழாய், முட்டை இருப்பு எல்லாம் பார்த்து, குறை இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஆபரேஷன். நாற்பதை நெருங்கிய பெண்ணாக இருந்தால் காத்திருக்க நேரமில்லை, விரையிலிருந்து விந்தணுவை எடுத்து நேரே இக்ஸி (லேபில் விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) செய்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன் என்றார். கருத்தரிப்பு மையத்துக்குப் போனால் எல்லாருக்கும் இக்ஸி, சர்ஜனிடம் போனால் எல்லாருக்கும் ஆபரேஷன் என்றிருக்கிற காலத்தில் இப்படிப் பேசுகிறவர் அபூர்வம்.

ஆபரேஷன் முடிந்தது. கட்டி இருந்த பக்கம் சாதாரண இணைப்பு. மறுபக்கம் எபிடிடிமிஸ் இணைப்புதான் தேவைப்பட்டது. மூன்றாம் மாத டெஸ்டில் விந்தணு தெரிகிறது, எண்ணிக்கை இன்னும் குறைவு. எபிடிடிமிஸ் இணைப்பில் வழி திறக்க ஒரு வருடம்கூட ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் வீட்டில் யாரும் பதறவில்லை.

அரசுக்கு ஒரு கோரிக்கை. சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்குக் கருத்தடையை நீக்கும் ஆபரேஷன் செலவை அன்றைய தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. முகாம் போட்டு, ஊக்கத்தொகை கொடுத்து ஆண்களை வாசக்டமிக்கு அழைக்கிற அரசு, எந்தெந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மைக்ராஸ்கோப் வைத்து மறு இணைப்பு செய்கிறார்கள், எபிடிடிமிஸ் இணைப்பும் அங்கே உண்டா, வருடத்துக்கு எத்தனை நடக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்டலாம். உங்கள் நிருபர்களே கேட்டு வாங்கி வெளியிட்டாலும் சரி.

பெயர் போட வேண்டாம். அக்கா மகனை ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல்