டிரம்புக்கு முன்பே இருந்த முழக்கங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அமெரிக்கத் தேர்தல் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். நல்ல நடை. ஆனால் ‘அமெரிக்காவுக்கே முதலிடம்’, ‘அமெரிக்காவை மீண்டும் மகத்தானதாக்குவோம்’ இரண்டையும் டிரம்ப் யோசித்துக் கண்டுபிடித்தது போலக் கட்டுரையாளர் எழுதிவிட்டார். இரண்டுமே பல கை மாறி அவரிடம் வந்தவை.

முதல் முழக்கம் 1916 தேர்தலிலேயே இருந்தது. ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அதிபர் வில்சனும் அதைச் சொன்னார், அவரை எதிர்த்து நின்ற ஹியூஸும் சொன்னார். நாட்டுக்கு முதலிடம் வேண்டாம் என்று யார் மேடை ஏறிச் சொல்வார்? போரிலிருந்து நாட்டைக் காத்தவர் என்று சொல்லி ஓட்டு வாங்கிய வில்சன், 1917 ஏப்ரலில் போரில் இறங்கினார். 1920இல் ஹார்டிங் அதே முழக்கத்தோடு வந்து ஜெயித்தார்.

அதற்குக் கெட்ட பெயர் வந்தது பிறகுதான். வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் அதைச் சொந்தம் கொண்டாடியது. 1940இல் அதே பெயரில், இரண்டாம் உலகப் போரில் சேரக் கூடாது என்று ஒரு குழு கிளம்பியது. அதன் நட்சத்திரப் பேச்சாளர், விமானி லிண்ட்பர்க். 1941 செப்டம்பரில் டிமாய்ன் நகரக் கூட்டத்தில், நாட்டைப் போருக்குத் தள்ளுகிறவர்கள் என்று பிரிட்டிஷாரையும் அதிபர் ரூஸ்வெல்ட் அரசையும் சொன்னதோடு யூதர்களையும் சேர்த்துக்கொண்டார். அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய சில நாட்களில் அந்தக் குழு கடையைக் கட்டியது.

1992இல் அதைத் தூசி தட்டி எடுத்தவர் குடியரசுக் கட்சி அரசியல்வாதி பேட் புகேனன். 1999இல் அந்தப் புகேனனை ‘ஹிட்லர் அபிமானி’ என்று டிவியில் சாடியவர் யார் தெரியுமா? டிரம்ப்தான்! அப்போது இருவருக்கும் சீர்திருத்தக் கட்சி என்ற மூன்றாவது கட்சியின் அதிபர் வேட்பாளராக வேண்டும் என்ற ஆசை.

சரி, இரண்டாவதுக்கு வருவோம். 1980இல் ரீகன் அதைப் போஸ்டரிலும் சட்டையில் குத்தும் பேட்ஜிலும் போட்டார். பணவீக்கம் 13 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, ஈரான் தலைநகர் தெஹ்ரானில் 52 அமெரிக்கர்கள் பிணைக்கைதிகள். அந்தச் சமயத்தில் அந்த வாசகம் எடுபட்டதில் ஆச்சரியம் இல்லை. 1991இல் போட்டியிடுவதாக அறிவித்த உரையில் ஜனநாயகக் கட்சியின் கிளின்டனும் அதே வார்த்தைகளைச் சொன்னார். 2016இல் மனைவி ஹிலாரிக்காகப் பிரசாரம் செய்தபோதோ, தென்மாநில வெள்ளையனுக்கு அதன் இனவாத உள்ளர்த்தம் நன்றாகவே தெரியும் என்று இடித்துரைத்தார். இந்த மறதி இல்லாமல் அரசியலில் காலம் தள்ள முடியாது போலிருக்கிறது.

டிரம்ப் புதிதாகச் செய்த வேலை வேறு. 2012 நவம்பரில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னி அதிபர் தேர்தலில் தோற்ற சூட்டோடு, 325 டாலர் கட்டி அந்த வாசகத்துக்கு வணிகமுத்திரை கேட்டு விண்ணப்பித்தார். 2015இல் அது பதிவாகிவிட்டது. அதுவரை எந்தக் கட்சிக்காரரும் எடுத்துப் பேசிய பொதுச்சொத்து, தொப்பியில் அச்சிட்டு விற்கும் சரக்காகிவிட்டது. கட்டுரையாளர் விரிவாக எழுதியிருக்க வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம். தொப்பியின் சிவப்பு நிறத்துக்கு ஒரு பத்தியே ஒதுக்கியவர், இதற்கு ஒரு வரிகூடத் தரவில்லை.

இணையப் பதிப்பிலாவது திருத்தம் போட்டுவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கு உங்கள் இதழைத்தான் எடுத்துப் போகிறார்கள்.

– ஒரு வாசகர், திருச்சி