மல்லி படுத்தாளா?

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கதைத்து முடித்த பிறகும் ஒரு விஷயம் என் மனதைவிட்டுப் போகவில்லை. உன் குதிரை மல்லி தின்கிறாள், காய்ச்சல் இல்லை, ஆனால் இங்கிலாந்திலிருந்து ஜேர்மனிக்கு வந்து ஐந்து நாளாகியும் ஒருதரம்கூடப் படுக்கவில்லை என்றாய். சொன்ன கையோடு வேறு கதைக்குப் போய்விட்டாய். அம்மாவும் அதைக் கவனிக்கவில்லை. நான் அன்றிரவு அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். போனில் சொன்னால் பாதியும் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அப்பப்பா கொழும்பு ரேஸ்கோர்ஸ் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர் என்று உனக்குத் தெரியும். 1893 இல் திறந்த மைதானம் அது. அதற்கு முன்னர் பந்தயமெல்லாம் காலிமுகத்திடலில்தான் நடந்ததாம். அப்பப்பா பதினைந்து வயதில் தண்ணீர் சுமக்கிற பையனாகச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் அந்த மைதானத்தை விமான ஓடுபாதையாக்கினார்கள். சண்டை முடிந்து குதிரைகள் திரும்பி வந்தபோது அவரும் திரும்பிப் போனார். கப்பலில் வந்திறங்கும் புதுக் குதிரைகளை அவர் பொறுப்பில்தான் விடுவார்களாம். விடிந்ததும் அவர் முதலில் பார்ப்பது தீவனத் தொட்டியை அல்ல, குதிரையின் வாலை. வாலில் வைக்கோல் ஒட்டியிருந்தால் அது இரவில் படுத்திருக்கிறது. அதன் பிறகுதான் தனக்குத் தேத்தண்ணி ஊற்றுவார்.

குதிரை நின்றபடியே தூங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. கால்மூட்டைப் பூட்டிக்கொண்டு நின்றவாக்கில் கண்ணயரும். கனவு வருகிற ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆகவேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி, ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். ஆனால் படுத்த குதிரையால் சட்டென்று எழுந்து ஓட முடியாது. அதனால் பயமில்லை என்று தெரிந்த இடத்தில்தான் படுக்கும். கூட்டத்தில் ஒன்று நின்று காவல் பார்க்கும்போதுதான் மற்றவை படுக்கும். மல்லிக்கு அங்கே காவல் பார்க்க யார் இருக்கிறார்கள்? பக்கத்துக் கூண்டில் நிற்கிற குதிரையை அவளால் பார்க்க முடிகிறதா? இடையில் பலகை அடித்து மறைத்திருந்தால், கம்பி வைத்த இடமாக மாற்றித் தரச்சொல்லிக் கேள். புதுக் குதிரையிலிருந்து நோய் தொற்றக்கூடும் என்று முதல் இரண்டு மூன்று கிழமை தள்ளி வைப்பார்கள். அது நியாயம்தான். ஆனால் தள்ளி நின்றாலும் இன்னொரு குதிரை கண்ணில் படவேண்டும். கீழே வைக்கோலைத் தாராளமாகப் போடு, மெல்லியதாகப் போட்டால் படுக்க மனம் வராது.

இன்னும் ஒரு கிழமை பார். அதற்குப் பிறகும் படுக்காவிட்டால் மிருக வைத்தியரைக் கூப்பிடு. பல நாள் தூக்கம் கெட்டுப்போன குதிரை நின்றபடியே முன்னங்கால் மடங்கி விழும். கணுவில் தோல் உரிந்திருக்கிறதா என்று தினமும் தடவிப்பார். சில நேரம் பயம் காரணமாக இருக்காது, மூட்டு வலியால்கூடப் படுக்கமாட்டாது. பயணத்தில் வந்த வலியாகவும் இருக்கலாம்.

தண்ணீர் விஷயமும் எனக்கு யோசனைதான். அங்கே மூக்கால் தள்ளினால் தண்ணீர் வருகிற கிண்ணம் வைத்திருப்பதாகச் சொன்னாய். மல்லி வாளியில் குடித்துப் பழகினவள். அந்தக் கிண்ணத்தில் எவ்வளவு குடித்தாள் என்று உனக்கும் தெரியவராது. கொஞ்ச நாளைக்கு வாளியும் வை. 20 முதல் 40 லீற்றர்வரை ஒரு நாளைக்குக் குடிக்கவேண்டும். புது ஊர்த் தண்ணீரின் மணம் பிடிக்காவிட்டால் கொஞ்சம் அப்பிள் சாறு கலந்து பார். அப்பப்பா வெல்லம் கரைப்பார். தண்ணீர் குறைந்தால் குடல் காய்ந்து வயிற்றுவலி வந்துவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் அந்த வலி விளையாட்டில்லை. இலத்தி குறைந்தாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, தரையைக் காலால் சுரண்டினாலோ, காலைவரை பொறுக்காமல் வைத்தியரைக் கூப்பிடு. தீவனத்தையும் ஒரேயடியாக மாற்றாதே. பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, பத்துப் பதினைந்து நாளில் மெல்ல மாற்று. இப்போது அங்கே வசந்தகாலம், புல் இனிப்பாக இருக்கும். முதல் நாள் கால் மணி நேரம் மேயவிட்டால் போதும். அதற்கு மேல் ஆசை காட்டினால் குளம்பில் அழற்சி பிடித்துக்கொள்ளும்.

காய்ச்சலை இன்னும் சில நாளுக்குக் காலையும் மாலையும் பார்த்துக்கொள். லொறியில் தலையைக் கட்டி உயர்த்தியபடி நெடுந்தூரம் வந்தால் சளி மூக்கு வழியாக வெளியே வடியாமல் நெஞ்சில் தங்கும். சிலவேளை சில நாள் கழித்துத்தான் காய்ச்சல் காட்டும். 38.5 பாகைக்கு மேல் போனால் வைத்தியரைக் கூப்பிடு.

காப்புறுதி, பதிவு எல்லாவற்றையும் நீ என்னைவிட நன்றாகப் பார்ப்பாய். குதிரையால் யாருக்கும் காயம் வந்தால் ஜேர்மனியில் உரிமையாளர் தலையில்தான் விழும் என்பதை மட்டும் மறந்துவிடாதே. காட்டு வழியில் ஏறிப்போக அவளுக்கு இலக்கத் தகடும் வேண்டும். அப்புறம் வீதி. இங்கிலாந்தில் நம் ஊர் போல வீதியின் இடப்பக்கம்தானே போவார்கள். இவ்வளவு காலமும் வாகனங்கள் அவளுடைய வலப்பக்கமாகத்தான் கடந்து போயின. ஜேர்மனியில் அவளுடைய இடப்பக்கமாக வரும். அந்தப் பக்கக் கண்ணுக்கு அது புதிது. முதலில் கையில் பிடித்து நடத்திக் காட்டு, பிறகு ஏறலாம்.

இனி, உன்னிடம் சொல்லவேண்டிய வேறொன்று இருக்கிறது.

83 ஆடிக் கலவரத்தில் நாங்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் கிடந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். மல்லிக்கு இன்று பாஸ்போர்ட் இருக்கிறது, இரத்தப் பரிசோதனைத் துண்டு இருக்கிறது, பிரான்சின் கலே துறைமுகத்தில் இறக்கிப் பார்த்து விட்டிருக்கிறார்கள். எங்கள் கையில் உடுத்த துணியைத் தவிர எதுவும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் உறவுக்காரர் வீட்டில் ஒரு அறை தந்தார்கள். அப்பம்மா இரவில் படுக்கவே இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பா. எனக்கு அப்போது 28 வயது. அவவை எப்படியாவது மாற்றிவிடவேண்டும் என்று ஒரே அவசரம். காலையில் நல்லூருக்குக் கூட்டிப்போனேன், மாலையில் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கூட்டிப்போனேன். சாப்பிடுங்கோ, கதையுங்கோ, படுங்கோ என்று ஓயாமல் சொன்னேன். ஒரு நாள் அப்பப்பா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, "அவளை விடடா, இடத்தின் மணம் அவளுக்குப் பழகட்டும்" என்றார். அன்றிரவு தன் பாயை வாசலுக்குக் குறுக்கே போட்டு, அதில் படுக்காமல் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படியே. ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பதாம் நாள் இரவு அப்பம்மா சரிந்து படுத்துத் தூங்கினா. அப்பப்பா விடியும்வரை அசையவே இல்லை.

நீ போய்ச் சேர்ந்த நாள் முதலாக நான் உன்னிடம் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். பதிவு செய்தாயா, மொழி வகுப்பில் சேர்ந்தாயா, ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போனாயா, தமிழ் ஆட்கள் யாரையும் கண்டாயா. ஒவ்வொரு அழைப்பிலும் இதே பாட்டு. உன் கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பதை அம்மா இரண்டு முறை சொன்னா. நீ தூங்குகிறாயா என்று நான் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. மன்னித்துக்கொள் பிள்ளை. வாரன்டோர்ஃப் 1826 இலிருந்து அரச குதிரைப் பண்ணை இருக்கிற ஊர், மல்லிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நான்தான் உன்னை உற்சாகப்படுத்தினேன். ஊர் நல்ல ஊர்தான். ஆனாலும் அது இன்னும் உன்னுடைய ஊராகவில்லை. அம்பாள் அங்கேயேதான் இருப்பா, ஆறுதலாகப் போகலாம்.

இந்த மாதம் மல்லியில் ஏறாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. வேலை முடிந்து போய் அவள் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார். சீவிவிடவேண்டும், பழக்கவேண்டும் என்று எதுவும் வேண்டாம். சும்மா தமிழில் கதைத்துக்கொண்டிரு. இங்கிலாந்தில் அவள் குட்டியாக வந்த நாளிலிருந்து உன் தமிழைத்தானே கேட்டு வளர்ந்தாள். அந்தப் புது லாயத்தில் அவளுக்குத் தெரிந்த சத்தம் அது ஒன்றுதான். உனக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அதனால் இனி இரவில் உன் அழைப்புக்காகக் காத்திருப்பேன். கேள்வி எதுவும் கேட்கமாட்டேன். போனைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். நான் இந்தப் பக்கம் பேப்பர் வாசித்துக்கொண்டு இருப்பேன். காலி வீதிச் சத்தம், கடற்கரை ரெயில் போகிற சத்தம் எல்லாம் உனக்குக் கேட்கும்.

நேற்றுக் காலையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் நடக்கப் போனேன். பையன்கள் ரக்பி விளையாடிக்கொண்டிருந்தார்கள். லாயம் இருந்த இடம் எது என்று அப்பப்பா ஒருமுறை காட்டியிருக்கிறார். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

காலையில் அவள் வாலில் வைக்கோல் ஒட்டியிருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு. உங்களுக்கு ஆறு மணி என்றால் இங்கே ஒன்பதரை, நான் தேத்தண்ணி குடிக்காமல் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா