சிதம்பரத்தில் சாப்பிட ஒன்றும் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருத்தரங்கு, முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு என்று பல்கலைக்கழக ஊர்களுக்கு வந்துபோகும் பேராசிரியர்கள் எங்கே சாப்பிடலாம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எங்கள் ஊருக்கு அதில் ஐந்து வரி. "சிதம்பரத்தில் கோவில் பார்க்கலாம்; சாப்பிட ஒன்றும் இல்லை, புதுச்சேரிக்குப் போய்விடுவது உத்தமம்" என்று அது முடிகிறது. மூன்று முறை படித்தேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

1986 முதல் 2017 வரை 31 ஆண்டுகள் நானும் என் கணவரும் இந்த ஊரில் மெஸ் நடத்தினோம். பெயர்ப் பலகை கிடையாது. முன் கூடத்தில் இரண்டு பந்தி, ஒரு பந்திக்குப் பதினான்கு இலை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தொடங்கிய உறைவிடப் பல்கலைக்கழகம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தமிழ், மொழியியல், இசை, பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் என்று எந்தத் துறைக்கு யார் வந்தாலும், அவர்களில் பத்தில் ஒருவராவது எங்கள் இலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறியிருப்பார். அத்தனை பேருக்கும் போட்ட சோற்றை "ஒன்றும் இல்லை" என்ற இரண்டு சொல்லில் துடைத்துவிட்டீர்கள். புதுச்சேரி இங்கிருந்து சுமார் 65 கிலோமீட்டர். பசித்தவரிடம் சொல்லும் வழியா அது? தில்லைச் சிற்றம்பலம் அன்னம் பாலிக்கும் இடம் என்று ஓதுவார்கள் தேவாரம் பாடும் ஊர் ஐயா இது.

கட்டுரையாளர் பிற்பகல் மூன்று மணிக்கு வந்திருக்கிறார். அதை அவரே எழுதியிருக்கிறார். மூன்று மணிக்குச் சோறு இருக்காது. இருக்கவும் கூடாது. மெஸ்ஸில் தலையை எண்ணி அரிசி களைவோம். பன்னிரண்டு மணிக்கு முதல் இலை, இரண்டரைக்குக் கடைசி இலை. அதற்குப் பிறகு சமைத்த பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பாத்திரம் கழுவப் போகும். காலையில் வடித்ததை மாலை வரை சூடுகாட்டி விற்பவர்களிடம் எந்த நேரமும் சோறு கிடைக்கும். அந்த வேலையை நாங்கள் ஒரு நாளும் செய்ததில்லை.

இன்னொன்று, எங்கள் ஊர்க் கத்தரிக்காய்க் கொத்சுவை "ஒரு வகை சாம்பார்" என்று எழுதியிருக்கிறார். பருப்பு வேகவைத்துப் போடாத ஒன்று எப்படிச் சாம்பார் ஆகும்? பிஞ்சுக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, மத்தால் மசிக்க வேண்டும். தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் வறுத்துப் பொடித்ததைத் தூவி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்போது இறக்க வேண்டும். கோவிலில் நடராசருக்கு நிவேதனமாகும் சம்பா சாதத்துக்கும் அதுதான் துணை. சம்பா சாதம் என்பது மிளகும் சீரகமும் நெய்யும் போட்டது. கோவில் முறைக் கொத்சுவில் வெங்காயம் சேராது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வீடுகளில் சேர்ப்பவர்கள் உண்டு. சொல்லுக்குச் சொல் ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்கு எழுதும் கட்டுரையில் இதையாவது விசாரித்து எழுதியிருக்கலாம்.

பத்து ஆண்டுகளாகத் தங்கள் தீபாவளி மலரைக் காசு கொடுத்து வாங்குகிறேன். மதுரை ஜிகர்தண்டா வருகிறது, திண்டுக்கல் பிரியாணி வருகிறது, கும்பகோணம் காபி வருடம் தவறாமல் வருகிறது. சிதம்பரம் என்றால் நடராசர் படமும் பிச்சாவரத்துப் படகும்தான். இந்த ஊருக்கு ஒரு வயிறும் உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. பிச்சாவரத்துப் படகைப் படம் எடுத்தவர்கள் கிள்ளையிலிருந்து விடிகாலையில் கூடையில் வரும் இறாலையும் நண்டையும் பார்க்கவில்லை. எங்களுடையது சைவ மெஸ். ஆனால் வங்காளத்திலிருந்து வந்த ஒரு மொழியியல் பேராசிரியர் மீன் இல்லாமல் நான்கு நாள் தவித்தபோது, அடுத்த தெருவில் மீன் குழம்பு வைக்கும் அம்மாள் வீட்டுக்கு என் கணவரே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தார். மறுநாள் காலை எங்களிடம் வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, அந்தக் குழம்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

ஒரு ஐப்பசி அடைமழை நாள் எனக்கு மறக்காது. ஓர் ஆய்வேட்டை மதிப்பிட வேறு பல்கலைக்கழகத்திலிருந்து புறத்தேர்வாளராக வந்த பெரியவர், சாலையில் தண்ணீர் நின்று பஸ் கடலூரோடு நின்றுபோய், எப்படியோ மாறி மாறி ஏறி, நாலு மணிக்கு எங்கள் திண்ணையில் வந்து நின்றார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. சர்க்கரை நோயாளி. தம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. முதலில் ஒரு வாழைப்பழம், பிறகு மோர். சோற்றுப் பானை கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. மாலைக்குக் கரைத்து வைத்திருந்த மாவில் ஒரு ஈடு இட்லி ஊற்றினேன். கூடத்துக்கு வரமாட்டேன், ஈரம் சொட்டுகிறது என்று அடுப்படி வாசலிலேயே பலகை போட்டு உட்கார்ந்தார். ஆறு இட்லி. கடைசி இட்லியால் இலையில் இருந்த கொத்சுவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இனிமேல் எனக்குத் தேர்வு நடத்தத் தெம்பு வந்துவிட்டது அம்மா" என்றார்.

பெண் பேராசிரியைகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. தனியாக வருகிற பெண் இரவு எட்டரை மணிக்குப் பசியோடு எங்கே போய் உட்காருவார்? ஆண்கள் நிரம்பிய கூடத்தின் வாசல் வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, இரண்டு பழம் வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எங்கள் படுக்கையறைக் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, அங்கே நான்கு இலை தனியாகப் போட ஆரம்பித்தேன். திருச்சியிலிருந்து வந்த ஓர் அம்மையார் அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மார்கழித் திருவாதிரையும் ஆனித் திருமஞ்சனமும் வந்தால் நான்கு தேர் வீதிகளிலும் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நாட்களில் வருகிற பெண்கள் எங்கே சாப்பிடலாம் என்று எழுதினால் அது எத்தனை பேருக்கு உதவியாக இருக்கும்!

இவையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது கட்டுரையின் தொடக்கத்தில் இருக்கிறது. "ஆய்வு மாணவர்களிடம் சொன்னால் நல்ல இடமாகப் பார்த்து அழைத்துப் போவார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அழைத்துப் போனால் பணம் யார் கொடுப்பது?

என் மகள் வேறொரு ஊரில் முனைவர் பட்டம் செய்தாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத மாட்டேன். வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு அவள் கையில் ஒரு செலவுச் சீட்டு வந்தது. காருக்கு இவ்வளவு, அறைக்கு இவ்வளவு, வருகிற புறத்தேர்வாளருக்கும் ஆய்வு நெறியாளருக்கும் உடன் வருகிறவர்களுக்கும் இரவுச் சாப்பாடு, கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு இனிப்பும் காரமும் போட்ட பெட்டி அறுபது. அவள் வளையல் இரண்டு அடகுக்குப் போயிற்று. விருந்தாளி வீட்டுக்கு வந்தால் கடன் வாங்கியாவது சோறு போடும் குடும்பம்தான் எங்களுடையது. ஆனால் தேர்வு எழுதும் பிள்ளை மதிப்பெண் போடுகிறவருக்குச் சோறு வாங்கித் தருவது விருந்தாகாது. புறத்தேர்வாளர்களுக்குப் பயணப்படியும் தினப்படியும் உண்டு என்பது தங்களுக்குத் தெரியும். எங்கள் மெஸ்ஸில் மாணவன் பணத்தை நீட்டினால் என் கணவர் வாங்கவே மாட்டார். பெரியவர்கள் தாமாகவே சட்டைப் பையில் கைவிடுவார்கள்.

2013-இல் அரசு பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, மிகுதியாக இருப்பவர்களை வேறிடத்துக்கு மாற்றும் பணிநிரவலில் ஆசிரியர்கள் பலர் வெளியூர் அரசுக் கல்லூரிகளுக்குப் போனார்கள். எங்கள் பந்தி இரண்டு ஒன்றாயிற்று. என் முழங்காலும் ஓய்ந்தது, மூடிவிட்டோம். ஆகவே இதை என் வியாபாரத்துக்காக எழுதவில்லை. ஊரில் இன்றும் விடியற்காலையில் அடுப்பு மூட்டும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் கேட்பது அடுத்த இதழில் நான்கு வரி. சாப்பிட ஒன்றும் இல்லை என்ற வாக்கியத்தைத் திரும்பப் பெறுங்கள். கொத்சு சாம்பார் அல்ல என்று திருத்துங்கள். மதியச் சாப்பாடு வேண்டுவோர் இரண்டரை மணிக்குள் வர வேண்டும், முடிந்தால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று போடுங்கள். இடம் போதவில்லை என்றால் இந்த மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதை மட்டுமாவது போடுங்கள்: சாப்பிட்டதற்குப் பணத்தை மாணவரிடம் விடாமல் வந்தவரே கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிதம்பரம்.