இரட்டை எஞ்சின் படகுக்குப் பொருந்தாத புரொப்பல்லர், தவறான கியர்கேஸ் கொடுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்: படகு உரிமையாளர், ஜங்கிலிகாட், போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), அந்தமான்

பெறுநர்: விற்பனை மேலாளர், படகு எஞ்சின் விற்பனைப் பிரிவு, சென்னை

நாள்: 3-3-2025

ஐயா,

வணக்கம். சென்ற ஆண்டு செப்டம்பரில் என் 30 அடி பைபர் படகுக்கு பின்புறம் வெளியே மாட்டுகிற 250 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் இரண்டும், அவற்றுக்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புரொப்பல்லர்களும் உங்களிடம் வாங்கினேன். பொருத்தி, கடலில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்ததும் உங்கள் ஆட்கள்தான். எஞ்சின்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. அதன் கீழே நீங்கள் தேர்ந்தெடுத்து மாட்டிக் கொடுத்த புரொப்பல்லர், அதைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியான கியர்கேஸ் இரண்டின் மீதும்தான் புகார்.

ஆர்டர் கொடுத்தபோது என் தொழிலைப் பற்றி உங்கள் விற்பனையாளரிடம் விவரமாகச் சொன்னேன். தூண்டில் மீன்பிடிக்க வருகிற விருந்தினர்களைக் கூட்டிப் போகும் படகு இது. ஆறு விருந்தினர், நானும் என் தம்பியும், ஐஸ் பெட்டி, தூண்டில் கட்டுகள், குடிதண்ணீர் என்று ஏற்றுவோம். பெரும் பாறை மீனைப் பிடிக்க அவ்வளவு தூரம் வந்து, பிடித்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். என் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. அது போகட்டும். பாரன் தீவுப் பக்கம் போய்வர 270 கிலோமீட்டர் ஆகும். 600 லிட்டர் டேங்கை நிரப்பாமல் கிளம்ப முடியாது. பெட்ரோல் எடை மட்டுமே 440 கிலோவைத் தாண்டும். இதையெல்லாம் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை என்பது இப்போது தெரிகிறது.

சோதனை ஓட்டத்தன்று படகில் இருந்தது உங்கள் மெக்கானிக்கும் நானும் மட்டும். டேங்கில் கால்வாசி பெட்ரோல். 21 அங்குல பிட்ச் (ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி முன்னேற வேண்டிய தூரம்), மூன்று பிளேடு புரொப்பல்லர். 5500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) 48 நாட், அதாவது மணிக்குச் சுமார் 89 கிலோமீட்டர் வேகத்தில் போனது. உங்கள் ஆள் உடனே மொபைலில் வேகமானியைப் படமெடுத்தார். அந்தப் படம் உங்கள் விளம்பரத்தில் வந்ததையும் பார்த்தேன். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

டிசம்பரில் சீசன் தொடங்கியது. முழுச் சுமையோடு முதல் நாளே படகு எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. திராட்டிலை முழுக்கத் தள்ளியும் மூக்கு வானத்தைப் பார்த்தபடி பின்பக்கம் தண்ணீரை உழுதுகொண்டே இருந்தது. தண்ணீர்மேல் ஏறி ஓட 14 விநாடி. ஏறிய பிறகும் இரண்டு எஞ்சினும் 4700 ஆர்பிஎம்மைத் தாண்டவில்லை. வேகம் 39 நாட். நீங்களே கொடுத்த கையேட்டில், முழுத் திராட்டிலில் எஞ்சின் 5000 முதல் 6000 ஆர்பிஎம்முக்குள் சுற்ற வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது.

39 நாட் போகிறதே, என்ன குறை என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். குறை வேகத்தில் இல்லை ஐயா. மலைப்பாதையில் லோடு லாரியை டாப் கியரிலேயே ஏற்றுகிற மாதிரி என் எஞ்சின்களை ஓட்ட வைத்திருக்கிறீர்கள். லாரி ஏறிவிடும். எஞ்சின் எத்தனை நாள் தாங்கும்?

இங்கே இதே தொழில் செய்யும் நண்பர் ஒருவரிடம் 17 அங்குல பிட்ச், நான்கு பிளேடு புரொப்பல்லர் ஒரு ஜோடியை இரண்டு நாளுக்கு இரவல் வாங்கி மாட்டினேன். ஆட்கள், டேங்க், ஐஸ் எல்லாம் முன்பு இருந்த அளவே. ஏழு விநாடியில் படகு எழும்பியது. ஆர்பிஎம் 5300, வேகம் 38 நாட். அதாவது நான் இழந்தது ஒரே ஒரு நாட். கணக்கும் போட்டுப் பார்த்தேன். உங்கள் கியர் விகிதம் 1.75, அதாவது எஞ்சின் 1.75 சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஒரு சுற்று. அதை வைத்துப் பார்த்தால் 21 அங்குலத்தில் வழுக்கல் (கணக்குப்படி போகவேண்டிய வேகத்தில் குறைவது) 16 சதவீதம், 17 அங்குலத்தில் 10 சதவீதம். பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும் என்பது படகு ஓட்டுகிற பையனுக்கும் தெரிந்த கணக்கு. சுமையோடு ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அடுத்தது இதைவிடப் பெரியது. விலைப்பட்டியலில் "ஒன்று வலச்சுற்று, ஒன்று இடச்சுற்று" என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இது புரொப்பல்லர் சுழலும் திசை. வலப்பக்க எஞ்சினில் வலச்சுற்று, இடப்பக்கம் இடச்சுற்று என்றால் ஒன்றின் முறுக்கை மற்றது சரிக்கட்டும். என் படகு எப்போதும் இடப்பக்கமாகச் சாய்ந்தே ஓடியது. படகின் பின்னடியில் சாய்வைச் சரிசெய்கிற தகடுகளில் இடது டிரிம் டேபைப் பாதி இறக்கி வைத்தால்தான் நேராக நிற்கும். முதலில் ஐஸ் பெட்டியை இடம் மாற்றினோம், பிறகு தம்பியை இடம் மாற்றினோம். ஜெட்டியில் கட்டும்போது ஒரு எஞ்சினை முன்னும் ஒன்றைப் பின்னும் போட்டால் ஒரு பக்கம் சட்டென்று திரும்புகிறது, மறுபக்கம் இழுபறி. கடைசியில் எஞ்சின் பிராக்கெட்டில் உப்பைத் துடைத்துவிட்டு மாடல் எண்ணைப் பார்த்தேன். இடச்சுற்று எஞ்சினின் மாடல் எண்ணுக்கு முன்னால் வரவேண்டிய 'எல்' எழுத்து இரண்டிலும் இல்லை. இரண்டும் வலச்சுற்று.

இதைச் சொன்னதும் உங்கள் சர்வீஸ் பிரிவில் கிடைத்த பதிலை அப்படியே தருகிறேன்: "அண்ணே, லெஃப்ட் ஹேண்ட் புரொப்பல்லர் ஒண்ணு அனுப்புறேன், மாத்திப் போட்டா சரியாயிடும்." இங்குள்ள மெக்கானிக் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சுழற்சித் திசை கியர்கேஸுக்குள் இருக்கிறது. இந்த எஞ்சினில் இடக்கை புரொப்பல்லரை மாட்டி முன் கியர் போட்டால் அந்த எஞ்சின் படகைப் பின்னுக்கு இழுக்கும். சரி, ரிவர்ஸ் கியரிலேயே ஓட்டலாம் என்றால், அது மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடச் செய்யப்பட்டதே இல்லை.

நான் கேட்பது இவைதான். இடது எஞ்சினுக்கு இடச்சுற்று கியர்கேஸ் உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். 21 அங்குல ஜோடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, 17 அங்குல நான்கு பிளேடு ஜோடி, ஒன்று வலக்கை ஒன்று இடக்கையாகத் தர வேண்டும். கப்பல் சரக்குக் கூலி உங்களுடையது. டிசம்பர் முதல் எஞ்சின் குறைந்த ஆர்பிஎம்மில் திணறியது கணினிப் பதிவில் இருக்கும்; நாளைக்கு அதைக் காட்டி வாரண்டியை மறுக்கமாட்டோம் என்று எழுத்தில் வேண்டும். பொருத்த வருகிறவர் முழு டேங்கோடும் எட்டுப் பேரோடும் ஓட்டிப் பார்த்து, ஆர்பிஎம்மைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். "இது வணிகப் பயன்பாடு, நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று உங்கள் மேலாளர் தொலைபேசியில் சொன்னார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிய பொருள் அந்த விலக்கில் வராது. படகை ஓட்டுவது நான்தான், வேறு வருமானமும் இல்லை. வழக்கை என் ஊரிலேயே தொடுக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது, சென்னைக்குக் கப்பலேற வேண்டியதில்லை.

விலைப்பட்டியல் நகல், உங்கள் சோதனை ஓட்டத் தாள், இரண்டு எஞ்சின்களின் மாடல் தகட்டுப் படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். 14 விநாடி வீடியோவைத் தனியாக அனுப்புகிறேன். சீசன் ஏப்ரலோடு முடிகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்