டோர்ன்பாக்கில் என் சாவிக்கொத்தைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புள்ள வீனர் ஸ்போர்ட் கிளப் கால்பந்து ரசிகர்களுக்கு,

இந்த நன்றியை 2019 இலையுதிர் காலத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அன்று உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் டிராமைப் பிடிக்க ஓடிவிட்டேன், அது இன்றும் உறுத்துகிறது.

வியன்னாவின் டோர்ன்பாக் பகுதியில் உள்ள நம் மைதானத்தில் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம். பக்கத்தில் கல்லறைத் தோட்டம் இருப்பதால் ஃப்ரீட்ஹோஃப்ஸ்ட்ரிபூனெ, அதாவது கல்லறை மேடை, என்று பெயர் வாங்கிய நம் படிகளில் நின்றிருந்தேன். கார்னர் கிடைத்ததும் எல்லாரும் சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்குவோமே, மூன்றாம் நிலை லீக் ஆட்டம்தானே என்று சொல்பவர்களை அந்தச் சத்தத்தைக் கேட்கவாவது ஒருமுறை கூட்டிவர வேண்டும். அப்படிக் குலுக்கும்போதுதான் என் கொத்து நழுவி எங்கோ போய்விட்டது. அதில் வீட்டுச் சாவியோடு நான் வேலை பார்த்த கட்டிடத்தின் பொதுச் சாவியும் இருந்தது. அது தொலைந்தால் கட்டிடம் முழுக்கப் பூட்டு மாற்ற வேண்டும், செலவு என் தலையில்தான். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை.

ஆட்டம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் போன் வெளிச்சத்தில் படிப்படியாகக் குனிந்து தேடிய இளைஞர்களுக்கு நன்றி. விளக்கை உடனே அணைக்காமல் காத்திருந்த மைதான ஊழியருக்கும்.

அப்புறம், கறுப்பு வெள்ளை மஃப்ளர் போட்ட அந்தப் பெரியவர். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, பக்கத்தில் நின்று 1958 கதையைச் சொன்னார். ஐரோப்பியக் கோப்பையில் நம்மவர்கள் இத்தாலியின் துரினுக்குப் போய் யுவென்டஸிடம் 3-1 என்று தோற்று வந்தார்கள், அவர்களின் மூன்று கோலையும் சிவோரியே அடித்திருந்தார். ஆனால் அக்டோபர் 1 அன்று வியன்னாவில் அதே யுவென்டஸை நம்மவர்கள் 7-0 என்று வீழ்த்தினார்கள், நம் ஹாமர்ல் மட்டும் நான்கு கோல். கேட்கக் கேட்க எனக்கு மூச்சு சீரானது. ஐயா, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி. 1883-இல் தொடங்கிய கிளப், 2001-இல் கால்பந்து அணி பிரிந்து ஒரே ஒரு எழுத்து மாறிய பெயரில் ஆடியபோதும், 2017-இல் திரும்ப வந்து சேர்ந்தபோதும் நீங்கள் இதே படியில்தான் நின்றீர்களாம். ஒரு சாவிக்காக ஒரு மணி நேரம் நிற்பது உங்களுக்கு ஏன் பெரிதாகத் தெரியவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

கடைசியில் கொடி கட்டும் கம்பியை வளைத்து, வேலியோரப் பிளவுக்குள் விட்டு, கொத்தை வெளியே இழுத்தாள் ஒரு பெண். உடனே நீங்கள் எல்லாரும் காலி மைதானத்தைப் பார்த்துச் சாவிகளைக் குலுக்கினீர்கள், கார்னர் கிடைத்த மாதிரி.

கம்பியோடு போராடிய தங்கையே, உன் விரலில் கீறல் பட்டு ரத்தம் வந்ததை நான் பார்த்தேன். இதைப் படித்தால் ஒரு வரி எழுது. உனக்கு ஒரு நல்ல காபி வாங்கித் தர வேண்டும்.

அன்புடன்,
சாவியைத் தொலைத்தவன்