சைக்கிள் வாங்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய மூன்று சைக்கிள்களின் படங்களும் விலை விவரமும் வந்து சேர்ந்தன. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது என்னோடு ஏற்காடு வரை மிதித்து ஏற வேண்டும் என்றும், அதற்கு முன்பே பெங்களூரில் நல்ல சைக்கிளாக ஒன்று வாங்கிவிட எண்ணியிருப்பதாகவும், ஒன்றரை லட்ச ரூபாய் விலையுள்ள கார்பன் சைக்கிளைத் தவணையில் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். கடைக்குப் போகும்போது இந்தக் கடிதத்தைக் கையோடு எடுத்துப் போ.

முதலில் அந்தக் கார்பன் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் எடை 9 கிலோ, அதே பட்டியலில் உள்ள அலுமினிய சைக்கிளின் எடை 11 கிலோ என்று போட்டிருக்கிறது. உன் எடை 56 கிலோ. தண்ணீரும் கருவிப் பையும் சேர்ந்து ஒரு 2 கிலோ. ஆக, அலுமினியத்தில் மலையேறும் மொத்தச் சுமை 69 கிலோ, கார்பனில் 67 கிலோ. வித்தியாசம் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. அடிவாரத்திலிருந்து மேலே போய்ச் சேர உனக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டாலும், அந்த 2 கிலோவால் நீ மிச்சம் பிடிப்பது மூன்று அல்லது மூன்றரை நிமிடம்தான். பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று வாங்கப் போகும் நமக்கு அதற்காக இரண்டு ஆண்டுகள் தவணை கட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. கார்பன் சட்டத்தில் (ஃபிரேமில்) ஒவ்வொரு போல்ட்டையும் குறிப்பிட்ட அளவு இறுக்கத்துக்குத்தான் முடுக்க வேண்டும். எங்காவது பலமாக இடித்தால் உள்ளே விட்ட விரிசல் வெளியே தெரியாமலும் போகலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பத்து வண்டிகளுக்கு நடுவே நிறுத்தப்போகும் உனக்கு அந்தக் கவலை வேண்டாம்.

எடையை விட்டுவிட்டுப் பல்சக்கரங்களை எண்ணிப் பார். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த என் பழைய சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 18 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீட்டர் நகரும். அம்மாபேட்டையின் சமதளத்துக்கு அது போதும். நீ பார்த்துவைத்திருக்கும் சைக்கிளில் முன்னே சிறிய வட்டம் 34 பல், பின்னே பெரிய வட்டம் 28 பல் என்று போட்டிருக்கிறது. அதில் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போகும். பின்னே 34 பல் இருந்தால் அதுவே சுமார் 2.1 மீட்டராகக் குறையும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர்தான் போவாய் என்பது உண்மையே. ஆனால் முட்டி நோகாமல், மூச்சு முட்டாமல், இருபதாவது வளைவு வரை இறங்கித் தள்ளாமல் போவாய். கடைக்காரரிடம் 11-34 கேசட், அதாவது சிறியதில் 11 பல்லும் பெரியதில் 34 பல்லும் உள்ள பின்வட்டத் தொகுப்பு, மாட்டித் தர முடியுமா என்று கேள். கிளாரிஸ் வகையில் பின்னே 8 வட்டங்களும், சோராவில் 9 வட்டங்களும் இருக்கும். இரண்டுமே ஷிமானோ நிறுவனத்தின் ஆரம்ப நிலை உருப்படிகள், இரண்டுமே உனக்குப் போதுமானவை. வட்டங்கள் கூடக்கூடச் செயின் மெலிதாகிக்கொண்டே போகும், மாற்றும் செலவும் ஏறிக்கொண்டே போகும் என்பதையும் நினைவில் வை.

அளவு விஷயத்தில் நான் பட்டதை நீ படக்கூடாது. நாற்பத்தேழு வயதில் முதன்முதலாகக் கியர் சைக்கிள் வாங்கப் போனபோது, என் உயரத்துக்கு 48 அல்லது 49 சென்டிமீட்டர் அளவுச் சட்டம் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. கடையில் இருந்தது 54. "சீட்டை இறக்கிக்கொண்டால் சரியாகிவிடும் மேடம்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சீட்டை இறக்கினால் கால் எட்டும். கைக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரம் எப்படிக் குறையும்? இரண்டு ஆண்டுகள் அதை எட்டிப் பிடித்தே ஓட்டினேன். இருபது கிலோமீட்டர் தாண்டினால் இரண்டு சுண்டுவிரல்களும் மரத்துப்போகும்; கழுத்து இறுகி, மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதக் கை தூக்க முடியாது. எனக்கு வயதாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சரியான அளவில் வேறு சைக்கிள் வாங்கிய முதல் வாரத்திலேயே அந்த வலி போன இடம் தெரியவில்லை. தாத்தாவின் சைக்கிளில் நீ எட்டு வயதில் குரங்குப் பெடல் போட்டது ஞாபகம் இருக்கும். அந்த வயதில் உடம்பு எதற்கும் வளைந்து கொடுக்கும், இப்போது கொடுக்காது. நிறமோ தள்ளுபடியோ பிடித்திருக்கிறது என்று அளவில் விட்டுக்கொடுக்காதே. சட்டத்தின் குறுக்குக் கம்பிக்கு மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்று பார். இடைவெளி இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும் நிலையில் குதிகாலை அதன் மேல் வை. கால் நேராக நீண்டால் சீட்டின் உயரம் சரி. கடையைச் சுற்றி ஒரு முறை ஓட்டிவிட்டு முடிவு செய்யாமல், அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க அனுமதி கேள். தராத கடையில் வாங்க வேண்டாம்.

இனி பிரேக். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்காட்டிலிருந்து தனியாக இறங்கிக்கொண்டிருந்தேன். மலை முழுக்க மஞ்சு, சாலை ஈரம். கீழிருந்து எண்ணினால் பதினோராவது வளைவு; அதை நெருங்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் எந்தத் தடையும் இல்லாமல் ஹேண்டில்பாரில் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் கீழிருந்து ஒரு பேருந்து வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. பின் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து, இடது காலைத் தரையில் தேய்த்து, ஓரச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். செருப்பின் அடிப்பாகம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. கை நடுக்கம் அடங்கிய பிறகு லீவரைத் திறந்து பார்த்தேன்: பிரேக் ஒயர், அதன் நுனிக் குமிழ் லீவருக்குள் உட்காரும் இடத்தில், இழை இழையாகப் பிரிந்து அறுந்திருந்தது. அறுந்த இழைகளில் பெரும்பாலானவை துருவேறிச் சிவந்திருந்தன. இரண்டு மூன்று மட்டுமே புதிதாகப் பளபளத்தன. அதாவது, பல வாரங்களாக ஒவ்வொன்றாக அறுந்துகொண்டு வந்து, மிச்சமிருந்த இரண்டு மூன்று இழைகளின் பலத்தில்தான் நான் அன்று மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு கடையில் முழு ஓவராயிலுக்குப் பணம் கொடுத்திருந்தேன். செயினைப் பளபளவென்று துடைத்துக் கொடுத்திருந்தார்கள், லீவரைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் இரண்டு லீவரையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, டார்ச் அடித்து, குமிழ் அருகே இழை பிரிந்திருக்கிறதா என்று நானே பார்த்துவிடுகிறேன். ஆண்டுக்கு ஒரு முறை ஒயர் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுகிறேன். அதற்கு ஆகும் செலவு ஒரு நேரத்துச் சாப்பாட்டுச் செலவுதான்.

உனக்கு டிஸ்க் பிரேக் எடுத்துக்கொள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கை இறக்கம் முழுக்க விடாமல் பிடித்தபடி வந்தால் ரிம் சூடேறி, அந்தச் சூட்டில் உள்ளே காற்று விரிந்து டியூப் வெடிக்கும் அபாயம் உண்டு; ஈரத்தில் பிடிப்பும் குறையும். டிஸ்க்கில் அந்தச் சூடு தகட்டோடு நின்றுவிடும். ஆனால் இறங்கியவுடன் தகட்டைத் தொட்டுவிடாதே, தோல் கொப்பளித்துவிடும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு துளிகூடத் தகட்டில் படக்கூடாது. எந்த வகையானாலும் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் கையைத் தளர்த்தி, வளைவின் வெளிப்பக்கத்துப் பெடல் கீழே இருக்கும்படி காலை அழுத்தி, வெளியேறும் இடத்தைப் பார்த்தபடி திரும்ப வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டியது இறங்குபவரின் கடமை. நம் ஊர்ப் பழைய சைக்கிள்களில் வலது லீவர் முன் சக்கரத்துக்குப் போகும். இப்போது வரும் பல சைக்கிள்களில் இடது லீவர்தான் முன் சக்கரத்துக்கு. எது எதற்கு என்று கடையிலேயே பிடித்துப் பார்த்துவிட்டு ஏறு.

டயர் 28 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கட்டும். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த எண் உச்ச அளவு. அந்த அளவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. உன் எடைக்கு 28 டயரில் 65, 70 பி.எஸ்.ஐ. போதும். பெரும்பாலும் மெல்லிய பிரஸ்டா வால்வு வரும். சாலையோரப் பஞ்சர் கடைப் பம்பின் வாய் அதில் பொருந்தாது. பித்தளையில் ஒரு சிறிய அடாப்டர் கிடைக்கிறது, மிகவும் மலிவு. இரண்டு வாங்கி ஒன்றைக் கருவிப் பையிலும் ஒன்றைப் பர்ஸிலும் போட்டு வை. பஞ்சரானால் டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தைப் பழைய சேலைத் துணியால் ஒரு சுற்றுத் துடை. சீமைக் கருவேல முள் இன்னும் குத்திக்கொண்டிருந்தால் துணி அதில் சிக்கும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும். முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டு, ஐந்து நிமிடத்தில் மறுபடி உட்கார்ந்தவர்களை அயோத்தியாப்பட்டணம் சாலையில் நானே பார்த்திருக்கிறேன்.

செயினைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய இன்ஜின் ஆயிலும் தேங்காய் எண்ணெயும் விடாதே; தூசியைச் சேர்த்துப் பிடித்து, உப்புத்தாள்போல உள்ளிருந்தே அறுக்கும். மேக்னசைட் சுரங்கங்கள் பக்கம் போய்வந்த நாளில் என் செயினில் படியும் வெண்தூசியைப் பார்த்தால் உனக்கே புரியும். செயினுக்கென்று விற்கும் எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, வெளியே இருப்பதையெல்லாம் துடைத்துவிடு. எண்ணெய் உள்ளே இருந்தால் போதும். மாதம் ஒரு முறை ஸ்டீல் ஸ்கேலை எடுத்து ஒரு கண்ணியின் ஆணி நடுவில் பூஜ்ஜியத்தை வைத்துப் பார். புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டுக்கு நேராக மற்றோர் ஆணியின் நடு வந்து நிற்கும். பழைய செயினில் அது கோட்டைத் தாண்டிப் போயிருக்கும். இரும்பு நீள்வதில்லை, ஆணிகளும் அவை சுழலும் இடங்களும் தேய்ந்து இடைவெளி விழுவதால்தான் அப்படி ஆகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டினால் செயினை மாற்று. மூன்று மில்லிமீட்டர் வரை விட்டால் கேசட்டின் பற்களையும் தின்றுவிடும். பிறகு இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டும்.

ஹெல்மெட் புதிதாக வாங்கு, யாரிடமும் இரவல் வாங்காதே. உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மோகோல் ஒரு முறை அடி வாங்கி நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. மேலோடு நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

கார்பனில் மிச்சமாகும் பணத்தில் பின்விளக்கு, 4, 5, 6 அளவு ஆலன் சாவிகள், ஒரு கைப்பம்பு, இரண்டு டியூப் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு மீதியை வங்கியில் போடு. வாங்கிய முதல் மாதத்தில் ஒயர்கள் சற்று நீண்டு கியர் சரியாக விழாமல் சத்தம் கேட்கும். பயப்படாமல் கடைக்கு எடுத்துப் போய், அவர்கள் எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

பொங்கலுக்கு முதல் நாள் வந்துவிடு. மாட்டுப் பொங்கலன்று விடியுமுன் ஐந்தரை மணிக்கு அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பினால் கோரிமேடு தாண்டி அடிவாரம் போய்ச் சேரும்போது நன்றாக வெளுத்துவிடும். குரங்குகள் சாலைக்கு வருமுன் பாதி வளைவுகளை ஏறிவிடலாம். முந்தின இரவு உன் சைக்கிளின் இரண்டு லீவரையும் நான் திறந்து பார்ப்பேன். டார்ச் பிடிக்க நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சேலம்