பி.எஃப். பணத்தோடு நின்றுவிடாதீர்கள்

ஐயா,

வேலையில் இருப்பவர் இறந்தால், பி.எஃப். கணக்கிலிருந்த பணம் வந்ததுமே பல குடும்பங்கள் விஷயம் முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. மாத ஓய்வூதியம், காப்பீடு என இன்னும் இரண்டு உண்டு. படிவம் 20 சேமிப்புக்கு மட்டுமே. மாத ஓய்வூதியத்துக்கு 10-டி, காப்பீட்டுக்கு 5-ஐஎஃப். மூன்றுக்கும் சேர்த்து ஒரே கூட்டுப் படிவமும் இருக்கிறது.

காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய். தொழிலாளி தன் கையிலிருந்து ஒரு பைசா கட்டாததால் இது பலருக்குத் தெரிவதே இல்லை. ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும் என்பதும் தவறு. பணியில் இருக்கும்போது இறந்தால் ஒரு மாதச் சந்தா போதும். மனைவிக்கு மாதம் குறைந்தது 1,000 ரூபாய், அதற்கு மேல் 25 வயதுக்குட்பட்ட இரு பிள்ளைகளுக்கு ஆளுக்கு அதில் கால் பங்கு.

விண்ணப்பம் திரும்புவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால்தான். ஆதாரில் ‘முருகேசன்’, பி.எஃப். பதிவில் ‘முருகேஷ்’, இறப்புச் சான்றிதழில் பெயர் மூன்றாவது விதமாக. பணி விலகிய தேதியையும், காரணம் மரணம் என்பதையும் நிறுவனம் இணையத்தில் பதியாமல் விடுவது இன்னொன்று. முதலில் நிறுவனத்திடம் அதைப் பதியச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு முன் பதிந்த வாரிசு நியமனம் பிறகு செல்லாது. புதிய நியமனம் இல்லாவிட்டால் தாலுகா அலுவலக வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். தொழிலாளி உயிரோடு இருக்கும்போதே ஆதார் ஓடிபி போட்டால் புதிய நியமனம் பத்து நிமிட வேலை.

– ஒரு வாசகர், திருப்பூர்